தானாக உருண்ட வண்டி அடித்த ஹாரன்

அத்தியாயம் 6

டிப்பர் லாரி ஒன்று காப்பிக் கொட்டகைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. பின்பாதி வெளியே, முன்பாதி உள்ளே. காப்பி மெஷின் அதன் பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் அப்பளமாகியிருந்தது.

"யெர்க்கர், இதைப் பார்த்தா உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டார் ஹெட்டா.

"வண்டிக்குக் காப்பி அவசரம்னு தோணுது."

ஹெட்டா சிரிக்கவில்லை. துப்பறிகிற இந்த அம்மாவிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஒரு தடவைதான் இவர் சிரித்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் பனியில் வழுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஸ்டென்ஃபோர்ஸ் கல் குவாரிக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வந்தவர்கள் கண்ட காட்சி இது. வெள்ளிக்கிழமை மாலை இந்த வண்டியைக் கடைசியாக நிறுத்திவிட்டுப் போனவள் பெரிட். ஹேண்ட் பிரேக் போடாமல் சரிவில் விட்டுவிட்டாள், அது தன் பாட்டுக்கு உருண்டுவிட்டது என்று குவாரி மேனேஜர் ருட்கெர் சொன்னார். உள்ளே பிரேக் லீவர் விடுபட்டுத்தான் கிடந்தது.

வேறு டிரைவராக இருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். பெரிட் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதி. இங்கே சட்டப்படி அந்தப் பிரதிநிதி 'நிறுத்து' என்றால் வேலை நிற்க வேண்டும், மேனேஜர் தலைகீழாக நின்றாலும் சரி. போன வாரம்தான் அவள் மேல் ரோட்டை மூடியிருந்தாள். வண்டிகள் பின்னோக்கி வந்து கழிவுக்கல்லைக் கொட்டும் விளிம்பு அங்கேதான் இருக்கிறது. விளிம்போரத்து மண்கரை சக்கரத்தின் பாதி உயரமாவது இருக்க வேண்டும், இங்கே முழங்கால் அளவுகூட இல்லை என்பது அவள் வாதம். தன் வண்டிக்கே பிரேக் போடத் தெரியாதவள் எங்களுக்குப் பாதுகாப்பு சொல்ல வந்துவிட்டாள் என்பது ருட்கெரின் வாதம். மதியம் ஒரு மணிக்குக் கூட்டம். அதில் அவள் பதவி போகும், பின்னாலேயே வேலையும் போகும், புதிதாக வருகிறவர் ரோட்டைத் திறந்துவிடுவார். யூனியன்காரர்கள் ஹெட்டாவைக் கூப்பிட்டது அதற்காகத்தான்.

பெரிட் கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐம்பதை நெருங்கிய, தோள் அகன்ற பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வெள்ளிக்கிழமை என்ன பண்ணினே, ஒண்ணொண்ணா சொல்லு" என்றார் ஹெட்டா.

"எப்பவும் பண்றதுதான். மேல வண்டி நிறுத்தறதுக்குன்னே வாய்க்கால் மாதிரி வெட்டியிருக்கோம். சக்கரத்தை அதுல இறக்கினா வண்டி அசையாது. இறக்கினேன். தொட்டியைக் கீழ விட்டேன். பிரேக்கை இழுத்தேன்."

"இழுத்தியா?"

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இழுத்தேன்னுதான் நெனைக்கிறேன். என் பொண்ணு விடாம போன் அடிச்சிட்டிருந்தா. இருபது வருஷமா தினமும் பண்றதைத் தனியா ஞாபகம் வெச்சுக்க முடியுமா சொல்லுங்க? திங்கக்கிழமையிலேர்ந்து தூக்கமே இல்ல. படுத்தா கை தானா பிரேக்கைத் தேடுது."

"ருட்கெர் பொய் சொல்றார்னு சொல்லேன், எங்களுக்கும் வேலை சுலபமா இருக்கும்" என்றேன் நான்.

"சொல்லலாம். ஆனா நெசமாவே நான்தான்னா? காப்பி நேரத்துல உருண்டிருந்தா அத்தனை பேரும் உள்ள இருந்திருப்பாங்க. நான்தான்னு தெரிஞ்சா யாரும் என்னைத் துரத்த வேணாம். நானே போயிடுவேன். ஸ்டியரிங்கைத் திரும்பத் தொடவே மாட்டேன்."

வாயைத் திறந்தால் ஏதாவது ஜோக் வந்துவிடும் என்று மூடிக்கொண்டேன்.

துப்பு என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஞாயிறு ராத்திரி கொட்டிய பனி எல்லாத் தடத்தையும் மூடிவிட்டது. வண்டிச் சாவிகள் ஒர்க்‌ஷாப் ஆணியில் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். விரல் ரேகை தேடலாம் என்றால் இந்த ஊரில் மே மாதம் வரைக்கும் யாருக்கும் விரலே கிடையாது, கையுறைதான்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்றேன். "காலையில மூக்குப்பொடி வாங்கக் கடைக்குப் போனேன் இல்ல, அங்க ஒரு பெரியவர் கல்லாக்காரப் பொண்ணுகிட்ட கத்திட்டிருந்தார். 'குவாரிக்காரங்க மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க, ஞாயித்துக்கிழமைகூட நிம்மதி இல்ல'ன்னு."

ஹெட்டா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதை எப்பச் சொல்றதா இருந்தே?"

"இப்பத்தான்."

பெரியவர் பெயர் ஃபோல்கே. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் வீடு. குவாரியை விசாரிக்க வந்திருக்கிறோம் என்றதும் எங்களை உட்காரவைத்துக் காப்பி ஊற்றினார். இத்தனை வருடமாக அவருடைய புகாரைக் கேட்க வீடு தேடி யாரும் வந்ததில்லை போலிருக்கிறது.

"ஹாரன்!" என்றார். "ஒழிஞ்சதுன்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை இருட்டற நேரம், கேக்கை அப்பத்தான் தட்டுல வெச்சேன். 'பாம்'னு ஒண்ணு. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் 'பாம் பாம்'."

"ஒண்ணு, அப்புறம் ரெண்டு. நல்லா ஞாபகம் இருக்கா?"

"என்னம்மா கேக்கறீங்க? நாற்பது வருஷம் தாளம் எண்ணியே பொழச்சவன் நான். எனக்கு அவங்க பாஷையே தெரியும். ஒண்ணு அடிச்சா எஞ்சினைக் கிளப்பறாங்க. ரெண்டு அடிச்சா முன்னாடி எடுக்கறாங்க. மூணு அடிச்சா பின்னாடி. பக்கத்துல நிக்கறவன் ஒதுங்கிக்கணுமாம். ஏரிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கற நான் எங்க ஒதுங்கறது?"

"அப்புறம் என்ன கேட்டுச்சு?"

"கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு பெரிய சத்தம். இடி விழுந்த மாதிரி. அலமாரிக் கண்ணாடியெல்லாம் ஆடிச்சு."

நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். "அதை யார்கிட்டயும் சொல்லலையே பெரியவரே?"

"அது ஒரு தடவைதானேப்பா. அதுக்கெல்லாம் போய்ப் புகார் சொல்ற ஆளு நான் இல்ல. ஹாரன் அப்படியா? விட்டா பழக்கமாயிடும்."

காரில் திரும்பும்போது நான் சொன்னேன்: "தானா உருண்ட வண்டி, உருள்றதுக்கு முன்னாடி ஒதுங்கிக்கச் சொல்லி ஹாரன் அடிச்சிருக்கு. நல்ல இடத்துல வளர்ந்த வண்டி."

"யாரோ சாவியைப் போட்டுக் கிளப்பியிருக்காங்க" என்றார் ஹெட்டா. "வாய்க்கால்லேர்ந்து முன்னாடி எடுத்து, சரிவுல நிறுத்தி, பிரேக்கை விட்டுட்டுக் குதிச்சிருக்காங்க."

"யாருன்னுதானே கேள்வி. குவாரியில வேலை பாக்கற யாரும் அடிச்சிருக்கலாம்."

"அப்படியா?" என்றார். அவ்வளவுதான். ஹெட்டா 'அப்படியா' என்றால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

ஒர்க்‌ஷாப்பில், கல் அள்ளும் லோடர் ஓட்டும் தூரே தன் ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே மான்கறி. எனக்கு ஒரு துண்டுகூட நீட்டவில்லை.

"ஹாரனா?" என்றார். "இங்க யாரும் ஹாரன் அடிக்கறதில்லையே. அந்த ஆர்கன் தாத்தா தொல்லை தாங்காம நிறுத்தியாச்சு. ஒண்ணரை வருஷம் இருக்கும். இப்ப எல்லாம் விளக்கைத்தான் அணைச்சு அணைச்சுப் போடறோம். கணக்கு அதேதான். ஒண்ணு, ரெண்டு, மூணு."

"பழகிப்போன கை உடனே கேட்டுச்சா?"

"எங்க கேட்டுச்சு! அதுக்குத்தான் ஒரு ஏற்பாடு பண்ணினோம். எவன் மறந்துபோய் ஹாரன் அடிக்கிறானோ அவன் அன்னிக்கு எல்லாருக்கும் கேக் கொண்டாரணும். முதல் மாசம் எல்லாருக்கும் இடுப்பு பெருத்துப்போச்சு."

"அதிகமா கேக் கொண்டாந்தது யாரு?"

"பெரிட்தான். கடைல வாங்கிக் கட்டுப்படியாகாம அவளே சுட ஆரம்பிச்சுட்டா. அது வேற ரொம்ப நல்லா இருந்துச்சா, அவ திருந்தணும்னு நாங்க யாரும் வேண்டிக்கல."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. யாரைக் காப்பாற்ற வந்தோமோ அவளே இந்த ஊரில் ஹாரனை விட முடியாமல் தவித்தவள். ஞாயிறன்று அவளே வந்து வண்டியைக் கிளப்பினாள் என்று ருட்கெர் திருப்பிவிட்டால் தீர்ந்தது கதை. ஹெட்டாவோ முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த கேள்வியைப் போட்டார்.

"கடைசியா எப்பக் கேக் சாப்பிட்டீங்க?"

தூரே யோசித்தார். "ஒரு வருஷம் இருக்கும். இப்ப எல்லாருக்கும் கை விளக்குக்குப் பழகிடுச்சு. அந்தக் கஷ்டத்தை ஏன் கேக்கறீங்க."

கூட்டத்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஹெட்டா நேராக மேனேஜர் அறைக்குப் போனார். ருட்கெர் ஆஜானுபாகுவான, சிரித்த முகத்துக்காரர். பத்தொன்பது வருடம் டிப்பர் ஓட்டி, மூன்று வருடம் முன்பு நாற்காலிக்கு வந்தவர். கூட்டத்துக்காகத் தலைமை அலுவலகத்திலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒருவரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு டிப்பர்னா தலையும் புரியல, காலும் புரியல ருட்கெர்" என்றார் ஹெட்டா. "அறிக்கை எழுதணும். ஒரு தடவை ஓட்டிக் காட்டினா நல்லாயிருக்கும். உங்களைவிடத் தெரிஞ்சவங்க யாருமில்லையாமே?"

ஹெட்டாவின் அப்பா ஆயுசு முழுக்க டிப்பர் ஓட்டியவர். இவர் டிப்பர் சீட்டில் உட்கார்ந்துதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

ருட்கெருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதே ரக வண்டி இன்னொன்று லோடு ஏற்றித் தயாராக நின்றது. கூட்டம் முடிந்ததும் ரோடு திறந்துவிடும் என்று காலையிலேயே ஏற்றச் சொல்லிவிட்டார். அதைச் சுற்றி எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

"ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தணும். டயர், எண்ணெய் ஒழுக்கு, அடியில யாராவது படுத்திருக்கானா, எல்லாம் பாக்கணும். மேல உக்காந்துட்டா முன்னாடி ஒரு கார் நின்னாக்கூடத் தெரியாது. எத்தனை கண்ணாடி வெச்சாலும் தெரியாத இடம் தெரியாததுதான்."

"தொட்டி எப்படித் தூக்குது?"

"எஞ்சின்ல ஒரு பம்பு இருக்கு. அது எண்ணெயை அழுத்தித் தள்ளும். அடியில ரெண்டு தண்டு நீளும், தொட்டி எழும்பும். ஆனா தரை சமமா இருக்கணும். சாஞ்ச தரையில தூக்கினா பாரம் மேல போகப் போக வண்டியே மல்லாந்துடும். தூக்கின தொட்டியோட நகரக் கூடாது, அடியில எவனும் போகக் கூடாது." ஏணியில் கை வைத்தார். "ஏறும்போது ரெண்டு கை, ஒரு கால் எப்பவும் பிடிமானத்துல இருக்கணும். பெல்ட் போடாதவனைப் பாத்தா அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. டிரைவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். பெரிட் எல்லோருக்கும் பின்னால் நின்றாள். தலைமை அலுவலகத்து ஆள் குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

என் வாய் சும்மா இருக்கக் கூடாதா? "இந்த முற்றத்துல ஓட்டறது நானே ஓட்டுவேனே ருட்கெர். மேல் ரோட்டுக்குப் போறதுக்குத்தான் எல்லாருக்கும் நடுக்கமாம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ருட்கெர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினார்.

பாம்.

எஞ்சின் உறுமியது.

பாம் பாம்.

வண்டி முன்னால் நகர்ந்தது. தூரேயின் கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெட்டா என் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார்.

கேட்டேன். ஆனால் வண்டி முற்றத்தில் திரும்பவில்லை. தடுப்புக் கட்டையை முட்டித் தள்ளிக்கொண்டு மேல் ரோட்டில் ஏறியது.

"ஐயோ, அங்க எதுக்குப் போறான்!" என்று கத்திக்கொண்டே பெரிட் ஓடினாள். நாங்கள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது ருட்கெர் வண்டியைத் திருப்பி, விளிம்பை நோக்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தார். பாம் பாம் பாம். பெரிட் ஒரு கையால் எங்களைத் தடுத்துவிட்டு வாக்கி-டாக்கியை வாயில் வைத்தாள். "ருட்கெர், நில்லு! நில்லுய்யா!"

வண்டி நின்றது. நின்ற பிறகு, பின்சக்கரத்துக்குக் கீழே இருந்த மண் சத்தமே இல்லாமல் சரிந்து போனது. வண்டியின் பின்புறம் ஒரு பக்கமாக இறங்க, முன்சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. கீழே முப்பது மீட்டர் பள்ளம்.

வாக்கி-டாக்கியில் ருட்கெரின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "நான் குதிச்சுடறேன்."

"குதிக்காதே. குதிச்சா வண்டி உம்மேலதான் வரும். பிரேக் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"தொட்டி லீவரைத் தொடாதே. பெல்ட்?"

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"ருட்கெர், பெல்ட் போட்டிருக்கியா?"

"இல்ல."

"போடு. மெதுவா. ஆடாம போடு. நான் இங்கதான் இருக்கேன், பேசிட்டே இரு." தூரே பக்கம் திரும்பினாள். "லோடரைக் கொண்டாங்க. கம்பி வடத்தை முன் கொக்கியில நான் மாட்டறேன். வேற யாரும் கிட்ட வரக் கூடாது."

அவளே குனிந்து போய், எழும்பி நின்ற அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வடத்தை மாட்டிவிட்டு வந்தாள். தூரே லோடரால் அங்குலம் அங்குலமாக இழுத்தார். அவ்வளவு நேரமும் பெரிட் ருட்கெரோடு பேசிக்கொண்டே இருந்தாள். பனி பற்றி, அவருடைய நாய் பற்றி, வாய்க்கு வந்ததைப் பற்றியெல்லாம். சக்கரங்கள் எல்லாம் கெட்டியான தரைக்கு வந்த பிறகு ருட்கெர் ஏணியில் இறங்கினார். இரண்டு கை, ஒரு கால் பிடிமானத்தில்தான் இருந்தது. கடைசிப் படியில் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் ஒரு மணிக்குத் தொடங்கவில்லை. தொடங்கியபோது ஹெட்டா எழுந்து ஃபோல்கே கேட்டதைச் சொன்னார்.

"வண்டி தானா உருளல. ஒருத்தர் கிளப்பி ஓட்டியிருக்கார். ஹாரன் அடிச்சு ஓட்டியிருக்கார். இங்க இருக்கற டிரைவர்கள் யாருக்கும் இப்ப அந்தக் கை கிடையாது, கேக் சுட்டுச் சுட்டு மறந்தவங்க. முன்னாடி வருஷக்கணக்கா ஹாரன் அடிச்சு ஓட்டி, தடை வந்த பிறகு ஸ்டியரிங்கையே தொடாத கைதான் அது. அந்தத் தடையை எழுதிக் கையெழுத்துப் போட்ட மேனேஜருக்கு அதைப் பழக வேண்டிய அவசியமே வரல. கொஞ்சம் முன்னாடி அவர் அடிச்சதை எல்லாரும் கேட்டீங்க."

நான் கை தட்டலாமா என்று யோசித்தேன். அதற்குள் தலைமை அலுவலகத்து ஆள் தொண்டையைச் செருமினார்.

"சுவாரஸ்யமா இருக்கு. ஆனா இன்னிக்கு ஹாரன் அடிச்சவர்தான் ஞாயித்துக்கிழமையும் அடிச்சார்னு எப்படிச் சொல்றது? ஒரு கிழவர் வீட்டுல கேட்ட சத்தம். கோர்ட்ல நிக்குமா?"

நிற்காது. அது ஹெட்டாவுக்கும் தெரியும். அவர் உதட்டைக் கடித்ததை முதல்முறையாகப் பார்த்தேன். பெரிட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றார் ருட்கெர்.

தலைமை அலுவலகத்து ஆள், "இதெல்லாம் இப்ப இங்க..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார். ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்தது நான்தான். ஆள் இல்லாத நேரமாப் பாத்துத்தான் விட்டேன். ரோட்டைத் திறந்தே ஆகணும்னு நின்னேன், இவ விடல. கரை போதாதுன்னு எனக்கே தெரியும்." கையிலிருந்த கோப்பையை மேஜையில் தள்ளி வைத்தார். "இன்னிக்கு இவ பேசாம நின்னிருந்தாலே போதும். நான் குதிச்சிருப்பேன். அவ்வளவுதான் என் கதை."

தலைமை அலுவலகத்து ஆள் பேனாவை மூடினார்.

பெரிட் எழுந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள். அறையப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நீ ஏறும்போது வண்டி எங்க நின்னுச்சு?"

"வாய்க்கால்ல."

"ஹேண்ட் பிரேக்?"

"போட்டிருந்துச்சு" என்றார் ருட்கெர். "இறுக்கி இழுத்திருந்தே. ரெண்டு கையாலதான் எடுத்துவிட முடிஞ்சுது."

பெரிட் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் விம்மி விம்மி அழுதாள்.

"போட்டிருக்கேன்" என்றாள். "நான் போட்டுத்தான் இருந்திருக்கேன்."